டேப்பின் மறுமுனை

மார்கழிக் கடைசி வாரம். காலை ஆறரை மணிக்கும் சிப்காட் சாலையில் பனி விலகவில்லை. கம்பெனி பஸ்கள் விளக்குப் போட்டபடியே ஊர்ந்துபோயின. தம்பி மகள் இரவு ஷிஃப்ட் முடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். தட்டில் கை வைக்கும் முன்பே போனை என் பக்கம் திருப்பி வைத்தாள். திரையில் மூன்று ஜிபிஎஸ் கைக்கடிகாரங்கள்.

"பெரியப்பா, நீந்தறதுக்கும் வேணும், ஓடறதுக்கும் வேணும். இதுல எதை எடுக்கறது?"

மூன்றில் ஒன்றின் விலை அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது.

ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் அளவைப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ், ஸ்லிப் கேஜ் என்றே பகல்கள் கழிந்தன. புதுக் கருவி வேண்டும் என்று யார் வந்து நின்றாலும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: எதை அளக்கப் போகிறீர்கள்? விலையும் மாடலும் அதற்குப் பிறகு. அவளிடமும் அதையே கேட்டேன். கோவாவில் நடக்கும் 70.3 டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுக்க நினைக்கிறாளாம். கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம்.

"சாப்பிடு பாப்பா. நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அந்த நாளை ஐந்து வாரமாக நீண்டது. இவை அந்த ஐந்து வாரத்தில் நோட்டில் எழுதிவைத்தவை.

*

கடிகாரத்தைப் பற்றி ஓசூரில் உட்கார்ந்து யோசிப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டனின் தொழிற்சாலை இந்த ஊரில்தான் எழுந்தது. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த கிராமத்துப் பிள்ளைகள் அங்கே போய் இடுக்கியும் லென்ஸுமாகக் கடிகாரம் கோக்கக் கற்றார்கள். 2002-ல் வந்த எட்ஜ் கடிகாரத்தின் உள் இயக்கப் பகுதி 1.15 மில்லிமீட்டர் தடிமன்தான். அந்த எண்ணைக் கேள்விப்பட்ட அன்று எங்கள் பிரிவில் ஒருவர் மைக்ரோமீட்டரை 1.15-க்குத் திருப்பி, தாடைகளுக்கு நடுவே இருந்த வெளிச்சக் கீற்றை எல்லோருக்கும் காட்டினார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை ஏன் தேர்ந்தார்கள் என்று வெகுநாள் எனக்குத் தெரியாது. பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே போனால் சரியாக ஒன்று வந்து நிற்கும். அந்த ஒன்றுதான் நம் விநாடி. பாதியாக்குவதைத் தவிர அதற்குள் வேறு கணக்கே இல்லை.

*

ஜிபிஎஸ் வாட்ச் இடத்தை அளக்கிறது என்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால், அது அளப்பது நேரத்தை மட்டும்தான்.

தலைக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. 'நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது' என்பதே அவை ஓயாமல் அனுப்பும் செய்தி. நேர் மேலே இருக்கும் கோளிலிருந்து செய்தி நம் மணிக்கட்டை அடைய ஏறத்தாழ 0.067 விநாடி ஆகும். புறப்பட்ட நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். மூன்று தூரங்கள் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

ஆனால் குறைந்தது நான்கு கோள்கள் வேண்டும். நான்காவது எதற்கு என்று புரிந்த நாளில் எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. நம் கையிலிருக்கும் வாட்ச்சின் படிகம் அணுக் கடிகாரத்தோடு போட்டியிட முடியாது. நேரம் ஒரு மைக்ரோ விநாடி பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். ஆகவே நான்காவது கோளின் செய்தியைக் கொண்டு வாட்ச் தன் கடிகாரம் எவ்வளவு பிழையாக ஓடுகிறது என்பதையும் இடத்தோடு சேர்த்தே கண்டுபிடிக்கிறது. தன் பிழையை அறியாமல் இடத்தைச் சொல்வதில்லை. நல்ல அளவைக்கூடம் நடந்துகொள்வதும் இப்படித்தான். கேஜைக் கையில் எடுத்தால் முதலில் ஜீரோ எரர் பார், பிறகு பாகத்தை அளந்துகொள் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த உயரத்தில் ஈர்ப்பு குறைவு, ஓட்டமோ வேகம். இரண்டும் சேர்ந்து, மேலே உள்ள கடிகாரம் நாளொன்றுக்கு சுமார் 38 மைக்ரோ விநாடி முந்துகிறது. ஐன்ஸ்டைன் காட்டிய அந்த வேறுபாட்டைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் பதினோரு கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேரும். ஓசூரில் ஓடுகிறவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிடும்.

நம் நாட்டு வழிகாட்டிக் கோள் தொகுதியான நாவிக்கும் கடிகாரத் தவிப்பைக் கடந்து வந்ததுதான். 2013-ல் அனுப்பிய முதல் கோளில் இருந்த வெளிநாட்டு அணுக் கடிகாரங்கள் மூன்றும் பின்னால் நின்றுபோயின. கோள் மேலேயே இருந்தது, நேரம் சொல்ல முடியாததால் இடம் சொல்லவும் முடியவில்லை. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய என்விஎஸ்-01, அகமதாபாத்தில் உருவான ரூபிடியம் அணுக் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. அந்தச் செய்தியை நாளிதழிலிருந்து வெட்டி இதே நோட்டில் ஒட்டியிருக்கிறேன்.

*

தண்ணீர் விஷயம் வேறு.

வானத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்த அலை, தண்ணீரில் சில சென்டிமீட்டர் இறங்குவதற்குள் அணைந்துவிடுகிறது. நீச்சல் குளத்தில் வாட்ச்சுக்கு வானம் கிடையாது. கையின் அசைவையும் சுவரைத் தள்ளித் திரும்பும் உதைப்பையும் உள்ளே இருக்கும் அசைவுணரியால் உணர்ந்து, இத்தனை முறை குளத்தைக் கடந்தாய் என்று எண்ணுகிறது. குளத்தின் நீளம் நாம் எழுதிக் கொடுப்பது. எண்ணிக்கை அதனுடையது, மீட்டர் நம்முடையது.

இதைச் சொன்னதும் அவள், "எங்க குளம் இருபத்தஞ்சு மீட்டர்தான் பெரியப்பா, அங்கயே சொன்னாங்களே" என்றாள்.

அடுத்த ஞாயிறு அனுமதி வாங்கிக்கொண்டு ஸ்டீல் டேப்போடு போனோம். அவள் ஒரு சுவரில் முனையைப் பிடித்தாள், நான் மறு சுவரில் படித்தேன். நீர்மட்டத்தில், மூன்று இடத்தில், இரண்டு முறை. 22.6 மீட்டர்.

குளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 1,900 மீட்டருக்கு என்று அவள் இத்தனை மாதமாக நீந்தி வந்தது 76 நீளம். 22.6 ஆல் பெருக்கினால் 1,718 மீட்டர்கூட நிறையவில்லை. மீதி 182 மீட்டரைக் கரை தெரியாத கடலில், கை சோர்ந்த பிறகு, முதல் தடவையாகச் சந்தித்திருப்பாள். அவள் முகம் சற்று வாடியது. பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "அப்போ எண்பத்தி நாலு" என்றாள். கிட்டத்தட்ட சரியான கணக்கு.

ஆகவே கடையில் கேட்கும் முதல் கேள்வியாக நாங்கள் குறித்துக்கொண்டது இது: குளத்தின் நீளத்தை நாமே எழுத விடுகிறதா? 25, 50 என்ற இரண்டு எண்ணோடு நின்றுவிடுகிறதா? புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கத்தை ஏற்குமா?

பலகையைப் பிடித்துக்கொண்டு கால் மட்டும் அடித்துப் போனால் கை அசையாது, வாட்ச் அந்த நீளத்தை எண்ணாது. நடுக்குளத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிளம்பினால் சுவரில் திரும்பியதாக நினைக்கவும் கூடும். இவற்றைக் குறை என்று நான் எழுதமாட்டேன். ஒவ்வொரு கேஜுக்கும் அது படிக்காத பகுதி என்று ஒன்று உண்டு. அது தெரியாமல் அளப்பதுதான் குறை. ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கீழ்ப்படியாது, நீர்த்துளி விழுந்தாலும் தானாக நகரும். நீந்துகிறவருக்கு அழுத்தும் பொத்தான் வேண்டும். 50 மீட்டர் என்று அடிப்பக்கத்தில் எழுதியிருப்பதை 50 மீட்டர் ஆழம் போகலாம் என்று படிக்கக் கூடாது. அது சோதனைக் கூடத்தில் அசைவில்லாமல் கொடுத்த அழுத்தம். நீச்சலுக்கு அது போதும்.

*

அவள் நீச்சல் கற்றது தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் நிலத்துக் கிணற்றில். இடுப்பில் கயிறு, முதுகில் காலி பிளாஸ்டிக் கேன். அவள் அப்பனுக்கு நான் சுரைக்குடுக்கை கட்டிப் பழக்கிய அதே கிணறு. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தோழியிடம் இரவல் வாங்கிய வாட்ச்சைக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

சதுரக் கிணறு. நான்கு பக்கமும் கருங்கல், மேலே ஒரு துண்டு வானம். கோள்களில் இரண்டோ மூன்றோ அந்தத் துண்டுக்குள் வந்தால் அதிகம், அவற்றின் அலையும் கல்லில் பட்டுத் திரும்பித் திரும்பி வரும். அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி நீந்தினாள். வெளியே வந்து பார்த்தால் வரைபடத்தில் பக்கத்து ராகி வயலிலும் மாந்தோப்பிலும் மாறி மாறிக் கோடு இழுத்திருந்தது.

நான் படிக்கட்டில் உட்கார்ந்து சுற்றுக்கு ஒரு கூழாங்கல்லாக இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்று.

*

திறந்த நீரில் கதை மறுபடி மாறுகிறது. முன்னோக்கி வீசும் நீச்சலில் ஒவ்வொரு வீச்சுக்கும் கை ஒரு கணம் நீருக்கு மேல் வருகிறது. அந்தக் கணத்தில் வாட்ச் வானத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறது. பார்வைகளைக் கோத்துப் பாதை வரைகிறது. தவளை நீச்சலில் கை நீரை விட்டு வருவதே இல்லை. அதற்கு வாட்ச்சைத் தொப்பிக்குள் தலையோடு செருகிக்கொள்கிறவர்கள் உண்டு. எல்லா வாட்ச்சிலும் திறந்த நீர் முறை இராது. கார்மினின் ஃபோர்ரன்னர் 55 குளத்து நீச்சலை எண்ணும், திறந்த நீருக்கு அதில் இடமில்லை. அதே வரிசையில் 255, வேறு நிறுவனமான கோரோஸின் பேஸ் 3 போன்றவற்றில் இரண்டும் உண்டு. பெட்டியின் மேல் 'நீச்சல்' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிட்டால் இந்த வேறுபாடு கடலில்தான் தெரியவரும்.

ஆனால் எங்கள் வட்டாரத்தில் திறந்த நீர் எங்கே? இதை எழுதும்போது மனசு கனக்கிறது. நந்திமலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவைச் சுமந்துகொண்டு எல்லை தாண்டி ஓசூருக்குள் வருகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து மழைக்காலத்தில் நீர் திறந்தால் ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை பொங்குவதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறது. அந்த நீரில் யாரும் கை நனைக்கக் கூடாது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்குவாரிக் குட்டைகள் பார்க்கத் தெளிவாக இருக்கும். செங்குத்தாக வெட்டிய பாறை, ஏறப் படி கிடையாது, ஆழம் தெரியாது. வாட்ச்சில் திறந்த நீர் என்ற பட்டன் இருக்கிறது என்பதற்காக எந்தப் பிள்ளையும் அங்கே இறங்கிவிடக் கூடாது. தம்பி மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். கடலில் பழகுவதென்றால் சென்னைக்குப் போய், தெரிந்தவர்களின் படகுத் துணையோடுதான்.

இலங்கையின் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் பாக் நீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பினார். 51 மணி நேரம். அவருக்கு நேரமும் திசையும் சொன்னது கூட வந்த படகு. மணிக்கட்டில் எது இருந்தாலும் பக்கத்தில் ஒரு படகு இருக்க வேண்டும்.

*

தை பிறந்து இரண்டாவது ஞாயிறு. ஓட்டத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்று, வண்டி வராத சிப்காட் கிளைச் சாலை ஒன்றில் 500 மீட்டர் அளந்தோம். முப்பது மீட்டர் டேப், பதினாறு முறை, கடைசியில் இருபது மீட்டர். ஸ்டீல் டேப்புகள் 20 டிகிரிக்குச் சரிபார்க்கப்பட்டவை. அன்று காலை 15 டிகிரி. டேப் சுருங்கியிருக்கும், 500 மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் போல. ஓட்டத்துக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் திருத்திக் குறித்தேன்.

இந்த நிலத்தில் வெப்பமானியோடு சங்கிலி பிடித்தவர்கள் முன்பே உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே ஆங்கிலேய நில அளவையாளர் லாம்ப்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலி, அதைத் தாங்க மரப்பெட்டிகள், வெயில் படாமல் மேலே கூடாரம், உள்ளே வெப்பமானிகள். ஏறத்தாழ 12 கிலோமீட்டரை அளக்க 57 நாள் ஆயிற்று. 1804-ல் பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோடு. அந்த அளவுகளிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்ததுதான் இந்த நாட்டின் வரைபடம். சங்கிலியைத் தூக்கி வைத்த கூலிகளின் பெயர்கள் நமக்கு வரவில்லை. டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்ற அவளைப் பார்க்கையில் அவர்கள் நினைவு வந்தது.

பிறகு அவள் ஓடினாள். ஒரு நாளைக்குப் பத்து நடை, சரியாக ஐந்து கிலோமீட்டர். இரு கையிலும் இரு வாட்ச்கள், இரண்டும் இரவல். மூன்று நாள். வலது கையில் 5.06, 5.05, 5.06. இடது கையில் இருந்த பழையது 4.93, 5.09, 4.99.

"இடது கைதான் சரி பெரியப்பா, சராசரி பார்த்தா அஞ்சேதான் வருது!"

அளவைக்கூடத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் விழும் இடம் இது. எப்போதும் ஒரே அளவு கூடக் காட்டும் கேஜை நம்பலாம், கூடுவதைக் கழித்துக்கொண்டால் போதும். இன்று கூட்டி நாளை குறைத்துக் காட்டும் கேஜை என்ன செய்தும் நம்ப முடியாது. பயிற்சியில் ஓட்டம் வளர்ந்திருக்கிறதா என்று இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிட வேண்டுமானால், வலது கைதான் உதவும்.

அந்தச் சாலையின் இருபுறமும் தகரக் கொட்டகைகளும் உயர்ந்த மதிலும். கோளின் அலை நேராகவும் வரும், தகரத்தில் மோதியும் வரும். பழைய வாட்ச்கள் கேட்கும் எல்1 அலையின் குறியீட்டில் ஒரு துண்டு ஏறத்தாழ 300 மீட்டர் நீளம். சில புதிய வாட்ச்கள் கூடுதலாகக் கேட்கும் எல்5 அலையில் அதே துண்டு 30 மீட்டர். அளவுகோலில் கோடுகள் நெருக்கமானால் சிறு வேறுபாடும் பிடிபடுவதுபோல, நேர் அலையையும் எதிரொலியையும் எல்5-ல் பிரித்தறிவது எளிது. இரட்டை அலைவரிசை என்று கூடுதல் விலை சொல்வது இதற்குத்தான். மதில்களுக்கும் தைல மரங்களுக்கும் இடையே ஓடுகிறவருக்கு அந்தக் காசு தகும். தளி சாலையின் திறந்த வெளியில் ஓடுகிறவருக்கு அவ்வளவு தேவையில்லை.

மாரத்தான் ஓடி முடித்தவர்கள் வாட்ச்சில் 42.6 காட்டியது, பாதையைத் தவறாக அளந்துவிட்டார்கள் என்று வருத்தப்படுவதுண்டு. பாதையை, அளவு சரிபார்த்த சைக்கிளின் சக்கரத்தில் சுற்று எண்ணும் கருவியைப் பூட்டி, திருப்பங்களின் மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்துக்கு ஒன்று கூட்டியும் வைக்கிறார்கள். அந்தக் குறுகிய கோட்டிலேயே ஓடுகிறவர் யாருமில்லை.

*

இதயத் துடிப்பு. பச்சை ஒளியைத் தோலுக்குள் விட்டுத் திரும்புவதைப் பார்க்கிறது. பட்டை தளர்ந்தால் சில சமயம் காலடிகளையே துடிப்பென்று எண்ணிவிடும். தண்ணீரில் இன்னும் கடினம். நெஞ்சுப் பட்டைகூட நீருக்குள் வாட்ச்சோடு பேசாது, சில வகைகள் சேமித்து வைத்துக் கரையேறியதும் கொடுக்கும். நீச்சலில் அந்த எண்ணைப் பார்க்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மூச்சு போதும்.

*

மாசி. மூன்றில் நடுவில் இருந்ததை வாங்கினாள். பொத்தான் உண்டு, எடை குறைவு, குளத்தின் நீளத்தை நாமே எழுதலாம், திறந்த நீரும் உண்டு. விலை கூடியதில் மலை வரைபடமும் பாட்டும் இருந்தன. அவை அவள் அளக்கப்போவதில் இல்லை. மாடலின் பெயரை எழுதவில்லை, ஒரு வருடத்தில் அது பழசாகிவிடும்.

முதல் நாள் இரவு ஷிஃப்டுக்குப் போகும் முன் நீளத்தை 22.6 என்று அவளே பதிந்தாள். மறுநாள் 84 நீளம் நீந்திவிட்டுப் போனில் சொன்னாள், குரலில் களைப்பு இருந்தது. வாட்ச் எண்பத்தைந்து என்றதாம். ஒரு நீளத்தில் கண்ணாடியைச் சரிசெய்ய நின்றாளாம்.

ஜிபிஎஸ் வாட்ச் வாங்கப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கடைக்குப் போகும் முன் நீங்கள் நீந்தும் குளத்தையும் ஓடும் சாலையையும் ஒரு முறை அளந்துவிடுங்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.